கண்ணும் கதிரொளியும்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி. அஃது அகக்கண்ணுக்கு உரியது. நான் இன்று புறக்கண்ணைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அதற்கு என் பிழை ஒன்றே காரணம்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையை நோக்காமல், அடுத்தவன் ஏட்டைப் பார்த்தே எழுதுவான். சோம்பல் என்று எண்ணிப் பல நாள் அவனை எழுந்து நிற்கச் செய்தேன். பள்ளிக்கு வந்த கண் மருத்துவக் குழுவினர் சோதித்தபோதுதான், முதல் வரிசையில் அமர்ந்தாலும் அவனுக்கு எழுத்து தெரியாது என்பது விளங்கிற்று. அவன் ஒருநாளும் முறையிட்டதில்லை. எல்லார்க்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று எண்ணியிருந்தான். கிட்டப்பார்வை உடைய குழந்தை தானாக வந்து சொல்லாது. நாம்தான் கண்டறிதல் வேண்டும்.

பிறக்கும்போது விழிக்கோளத்தின் நீளம் ஏறத்தாழ 17 மி.மீ.; வளர்ந்தபின் ஏறத்தாழ 24 மி.மீ. அவ்வளவைக் கடந்து விழி நீளுமாயின், தொலைப்பொருளின் ஒளி விழித்திரையை அடையுமுன்பே குவிந்துவிடும்; உருவம் மங்கும். ஒரு மி.மீ. மிகை நீளம், ‘பவர்’ என்று நாம் வழங்கும் அளவில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை கூட்டும். நீண்ட விழி மீண்டும் குறுகுவதில்லை. எனவே, வளரும் பருவத்திலேயே அந்நீட்சியைத் தாமதப்படுத்துவதுதான் அறிவுடைமை. பெற்றோர்க்குக் கிட்டப்பார்வை இருப்பின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் பிறப்பு மட்டுமே காரணமன்று. இடைவிடாத அண்மை நோக்கும் பகலொளியின் குறைவும் காரணங்களாகும்.

சீன நாட்டின் குவாங்சௌ நகரில், 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. சில பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்தவெளி வகுப்பு வைத்தனர். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியோர் அப்பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 30. ஏனைய பள்ளிகளில் ஏறத்தாழ 40. பகலொளி விழித்திரையில் டோபமைனைச் சுரக்கச் செய்து, விழியின் நீட்சியைத் தடுக்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இங்கே நம் இல்லங்களை நினைத்துப் பார்க்கிறேன். இரவுண்ணாமை உயிர்க்கொலை தவிர்க்க வகுக்கப்பட்ட நெறி, கண்ணுக்காக வகுக்கப்பட்டதன்று. எனினும், கதிரவனைக் கொண்டு நாளை வகுத்துக்கொள்ளும் பழக்கம் அதனால் நமக்கு வாய்த்தது. இன்றோ, பள்ளி விட்ட பிள்ளை நேரே தனிப்பயிற்சிக்குச் செல்கிறது. எஞ்சிய ஒளியைக் கைபேசி விழுங்கிவிடுகிறது. மாலை உணவுக்கு முன்புள்ள பொழுதை விளையாட்டுக்கு விடுங்கள். பாடம் விளக்கு ஏற்றியபின் ஆகட்டும். நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் வெளியில் இருத்தல் நன்று. மரநிழலும் போதும், ஞாயிற்றை நேரே நோக்குதல் மட்டும் கூடாது. நூலை முழங்கை அளவு தொலைவில் பிடித்து, இடையிடையே தலை நிமிர்ந்து தொலைவை நோக்கப் பழக்குங்கள்.

பகலொளி முதன்மையாக வருமுன் காப்பது. வந்தபின் மருத்துவரின் துணை வேண்டும். பவர் கூடிவிடும் என்று அஞ்சிக் குறைந்த பவரில் கண்ணாடி அணிவிப்போர் உளர். அது பயன் தராது; 2002இல் வெளியான மலேசிய ஆய்வொன்றில் அத்தகைய பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை மிகுதியாக வளர்ந்தது. இன்று விழியின் நீட்சியைத் தாமதப்படுத்தும் தனிவகைக் கண்ணாடிகளும், மிகக் குறைந்த செறிவுடைய அட்ரோபின் சொட்டு மருந்தும் உள்ளன. இவை மருத்துவர் அறிவுரையின்றிக் கொள்ளத்தக்கன அல்ல. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணைச் சோதித்தல் வேண்டும்.

தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். கண்ணாடி அணிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அதனைக் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள். மங்கிய பார்வையோடு அவள் சாலையைக் கடப்பதினும் கண்ணாடி இழுக்கன்று.

பெரியவர்க்கும் சில சொற்கள். நடுவயதுக்குப்பின் திடீரெனப் பவர் மாறினால் சர்க்கரை அளவைச் சோதியுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி இன்றிப் படிக்க முடிகிறது என்று முதியோர் மகிழ்வதுண்டு; அது கண்புரையின் தொடக்கமாகவும் இருக்கலாம். பவர் ஆறுக்கு மேற்பட்டோர் விழித்திரையைத் தவறாது சோதித்துக்கொள்ள வேண்டும். லேசர் சிகிச்சை செய்துகொண்டோர்க்கும் இது பொருந்தும். அச்சிகிச்சை கண்ணாடியை நீக்கும், விழியின் நீளத்தைக் குறைக்காது. கண்ணில் மின்னல் போன்ற ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுந்தாற்போன்ற மறைப்பு ஆகியவை தோன்றினால், அன்றைக்கே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழித்திரை விலகலாயின், காலம் தாழ்த்தினால் பார்வை மீளாது போகலாம்.

கண்ணாடி அணிந்து வந்த முதல் நாள் அம்மாணவன் என்னிடம், “ஐயா, பலகையின் மூலையில் நாளும் கிழமையும் எழுதுவீர்கள் என்பது இன்றுதான் தெரிந்தது” என்றான். அவன் என்னைக் குறைகூறவில்லை. ஆனால் அச்சொல் இன்னும் என் நெஞ்சில் உள்ளது.

இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் பிள்ளையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடச் செய்யுங்கள். தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.