நாள் குறித்தலும் வேலை முடித்தலும்



ஒரு வேலைக்கு நாள் குறிப்பது எளிது. அந்த நாளில் அவ்வேலை முடிந்திருக்கச் செய்வதே அரிது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எத்துணை பெரிதாகலாம் என்பதை ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில் எழுந்த புதிய சர்வதேச விமான நிலையத்தின் வரலாறு நன்கு காட்டுகின்றது. அதே காலத்தில், உலகின் பெரும் விமானத் தொழிற்சாலைகள் இரண்டும் சொன்ன நாளில் விமானங்களைக் கொடுக்க இயலாமல் இடர்ப்பட்டன. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கின், நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு.

1990 ஆம் ஆண்டில் இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின. நெடுங்காலம் பிரிந்து கிடந்த பேர்லின் நகருக்கு அப்போது தெம்பெல்கோப், தேகல், சோனபெல்ட் என மூன்று விமான நிலையங்கள் இருந்தன. இவற்றுட் சோனபெல்ட் எம்மவர் பலருக்கும் பழக்கமான பெயர். 1980 களில் இலங்கையை விட்டு அடைக்கலம் தேடிச் சென்ற தமிழருட் பலர் கிழக்கு பேர்லினைச் சேர்ந்த அந்த நிலையத்தில் இறங்கியே மேற்கு பேர்லினுக்குட் சென்றனர். மூன்றுக்கும் பதிலாக ஒரே பெரிய நிலையத்தைச் சோனபெல்டின் அருகில் அமைப்பதென முடிவாயிற்று. 2006 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வேலை தொடங்கியது.

முதலில் 2011 ஒக்டோபரும், பின்னர் 2012 ஆம் ஆண்டு யூன் மாதம் 3 ஆந் திகதியும் திறப்பு நாளாகக் குறிக்கப்பட்டன. பயணச்சீட்டுகள் புதிய நிலையத்தின் பெயரில் விற்கப்பட்டன. கடைக்காரர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டனர். ஆயிரக்கணக்கான பொதுமக்களைப் பயணிகள்போல் வரவழைத்து ஒத்திகையும் பார்த்தாயிற்று. தேகலிலிருந்து பொருள்களை ஒரே இரவில் ஏற்றிச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. இந்நிலையில், குறித்த நாளுக்கு நான்கு வாரங்கூட இல்லாத மே மாதம் 8 ஆந் திகதி, திறப்பு நடைபெறாது என்ற அறிவித்தல் வெளிவந்தது. தீத்தடுப்பு ஏற்பாடுகள் நிறைவுபெறவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

புகை இயல்பாக மேலெழுவது. ஆயின் கூரையின் தோற்றப் பொலிவு கெடாதிருக்கும் பொருட்டு, மண்டபத்துப் புகையின் ஒரு பகுதியைக் கீழ்நோக்கி இழுத்து, நிலத்தடிக் குழாய்களின் வழியே வெளியேற்றுமாறு திட்டம் வகுத்திருந்தனர். தீப்பற்றியதும் கதவுகள் தாமே திறக்கவும் மூடவும், விசிறிகள் தாமே சுழலவும் வேண்டும். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கட்டுப்பாடு இறுதிவரை கைகூடவில்லை. இயந்திரம் செய்யாததைச் செய்ய நூற்றுக்கணக்கான ஆட்களைக் கதவருகே நிறுத்தலாம் என்றுகூட ஒரு யோசனை கூறப்பட்டது. சோதனை அதிகாரிகள் அதற்கு இணங்கவில்லை.

அவர்களுடைய கண்டிப்புக்குத் தக்க காரணம் இருந்தது. 1996 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 11 ஆந் திகதி, அதே ஜேர்மனியின் டூசல்டோர்ப் விமான நிலையத்தில் ஒட்டுவேலையின்போது எழுந்த பொறியினால் தீ மூண்டது. அதில் 17 பேர் மாண்டனர். பெரும்பாலும் அவர்களைக் கொன்றது நெருப்பன்று, புகையே. இதனை அறிந்தவர்கள், விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்பதற்காகக் கையொப்பம் இட்டுவிட முடியுமா? ஆகவே மே மாதத்தில் வந்த அந்த அறிவித்தலைத் தோல்வி என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. தோல்வி அதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. கட்டடத்தின் அமைப்பைக் கட்டும்போதே மாற்றியும் பெருக்கியும் வந்தனர். வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பல கம்பனிகளிடம் ஒப்படைத்தனர். அவற்றை ஒன்றாக இணைக்கும் பொறுப்பு எவரிடத்தும் முழுமையாக நிலைபெறவில்லை.

அரசாங்க வேலை இவ்வாறுதான் இருக்கும் எனச் சிலர் கூறலாம். இலாபமே நோக்கமாகக் கொண்ட தொழிற்சாலைகளின் நிலை யாது? எயர்பஸ் கம்பனியின் ஈரடுக்கு விமானமாகிய ஏ380 இல் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமான மின்கம்பிகள் ஓடுகின்றன. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இருந்தவர்களும் பிரான்சின் துலூசில் இருந்தவர்களும் ஒரே கணினி வரைமுறையின் வெவ்வேறு பதிப்புகளைக் கையாண்டனர். பகுதிகளைக் கொண்டுவந்து பொருத்தியபோது கம்பிகள் எட்டவில்லை. 2006 இல் தலைமை அதிகாரிகள் பதவி விலகினர். முதல் விமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதமாகி, 2007 ஒக்டோபரிலேயே சிங்கப்பூர் விமானக் கம்பனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவின் போயிங் கம்பனியும் இதே வழியிற் சென்றது. அதன் 787 விமானத்தின் இறக்கைகள் யப்பானிலும், உடற்பகுதிகள் இத்தாலியிலும் பிற இடங்களிலும் செய்யப்பட்டன. 2007 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆந் திகதி, பெருங்கூட்டத்தின் முன்னே அவ்விமானம் வெளிக்கொணரப்பட்டது. கண்ணுக்கு அது முழு விமானம். உள்ளேயோ வெறும் கூடு. உரிய இணைப்பாணிகள் கிடைக்காமையால், தற்காலிக ஆணிகளைக் கொண்டு பூட்டியிருந்தனர். 2008 மே மாதத்தில் கொடுப்பதாகச் சொன்ன முதல் விமானம் 2011 செப்டெம்பரிலேயே யப்பானுக்குக் கொடுக்கப்பட்டது.

இவ்விரு தாமதங்களுக்கும் நடுவில் அகப்பட்டது எயர் பேர்லின் என்னும் விமானக் கம்பனி. புதிய நிலையத்தைத் தலைமையிடமாக்கி, தொலைதூர நாடுகளுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அது எண்ணியிருந்தது. அதற்கென 2007 இல் 787 விமானங்கள் 25 வேண்டுமெனக் கேட்டது. நிலையமும் திறக்கவில்லை, விமானமும் வரவில்லை. இடம் போதாத தேகலிலேயே அது காலந்தள்ள நேர்ந்தது. நட்டம் பெருகவே அத்தொகையைக் குறைத்து, 2014 இல் முற்றாகவே கைவிட்டது. அக்கம்பனியின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன; அதன் கணக்குகள் முன்னரே நலிந்திருந்தன. எனினும் நலிந்தவனுக்குக் காத்திருத்தல் என்பது பெருஞ்சுமையன்றோ? 2017 ஆகஸ்டில் அது கடனிறுக்க இயலாமையை அறிவித்தது. ஒக்டோபர் 27 ஆந் திகதி அதன் கடைசி விமானம் பறந்தது. ஏறத்தாழ 8,000 ஊழியரின் வாழ்வு அலைக்கழிந்தது. நாளைக் குறித்தவர் ஒருவர். அது தவறியதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

தேகலின் பிறப்பையும் இங்கே நினைவுகூரலாம். 1948 இல் மேற்கு பேர்லினுக்குச் செல்லும் தரைவழிகள் அடைக்கப்பட்டு, இருபது இலட்சம் மக்களுக்கு உணவும் நிலக்கரியும் வானத்தின் வழியே வந்த காலத்தில், தேகலின் ஓடுபாதை ஏறத்தாழ 90 நாட்களில் அமைக்கப்பட்டது. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கற்களைச் சுமந்து பரப்பியவருட் பெண்கள் பலர். ஓடுபாதை வேறு, பெரும் மண்டபம் வேறு. இரண்டையும் ஒருங்கே நிறுத்தி அளப்பது முறையன்று. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. அன்று எவ்வளவு முடிந்தது, எவ்வளவு குறைந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இன்றைய பெருவேலைகளிற் குறைகள் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் கணினிக்குள்ளும் மறைந்து கிடக்கின்றன. அவற்றை அறிபவன் கீழே வேலை செய்பவன். நாளைக் குறிப்பவர் மேலே இருப்பவர். கீழிருப்பவன் சொல்ல அஞ்சினாலோ, மேலிருப்பவர் கேட்க விரும்பாவிடினோ, அன்றே தாமதம் தொடங்கிவிடுகின்றது. ஊரறிய அறிவிக்கும் நாள் அதன் முடிவேயன்றித் தொடக்கமன்று.

பேர்லினின் புதிய நிலையம் 2020 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி, ஆரவார விழா எதுவுமின்றித் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 200 கோடி யூரோ எனக் கணித்த செலவு 600 கோடியையும் தாண்டியிருந்தது. கொரோனா நோய் பரவிய காலமாகையாற் பயணிகளும் அருகியிருந்தனர். எட்டு நாட்களின் பின், நவம்பர் 8 ஆந் திகதி, தேகலிலிருந்து கடைசி விமானம் பாரிசை நோக்கிப் புறப்பட்டது.

பாலமாயினும் பாடசாலையாயினும், எந்நாட்டிலும் பொதுவேலை ஒன்றைக் காணும்போது, “எப்போது திறப்பீர்கள்?” என்றே நாம் கேட்கிறோம். அதனோடு, “இன்னும் என்ன குறை?” என்ற கேள்வியையும் கேட்கப் பழகுவோமாக. குறையை உள்ளபடி சொல்பவனைத் தடைசெய்பவன் என வெறுக்காமல், வேலைக்கு உதவுபவன் என மதிப்போமாக. அங்ஙனம் மதிக்கும் இடத்தில்தான் குறித்த நாளும் முடிந்த நாளும் ஒன்றாகும்.