தோலின் குடிகளும் வேற்றுக் கிருமிகளும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் வாழும் இவ்விடத்தைக் காலனி என்கிறோம். நுண்ணுயிர் நூலாரும் கண்ணாடித் தட்டில் வளரும் பாக்டீரியாக் கூட்டத்தைக் காலனி என்றே அழைக்கின்றனர். அச்சொல்லை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் என்ற உரிமையில், நம் தோலின்மேல் உள்ள காலனிகளைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

அன்றாடம் நீராடுவோர் உடம்பிலும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. இதில் அருவருக்க ஒன்றுமில்லை. தோலின் வறண்ட மேற்பரப்பும், அதன் இலேசான புளிப்புத்தன்மையும் வெளிக்கிருமிகளுக்கு ஒவ்வாதவை. அன்றியும், ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பழங்குடிகள் இடத்தையும் உணவையும் பற்றிக்கொண்டு புதியவர்க்கு வழிவிடுவதில்லை. ஊருக்குச் செல்லும் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் முதலில் ஏறியவர் செய்வதைப் போல.

எனினும், குடியிருப்போரும் நிலைமை மாறினால் குணம் மாறுவர். எண்ணெய்ப்பசை மிகுந்த மார்பிலும் முதுகிலும் மலசீசியா என்னும் பூஞ்சை ஏறக்குறைய வளர்ந்தோர் எல்லாரிடமும் உண்டு. புழுக்கமும் வியர்வையும் மிகும்போது அஃது இழைவிட்டுப் பரவுகிறது. அதுவே தேமல். பிறரிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோயன்று. ஆதலின் தேமல் கண்ட பிள்ளையை விலக்கி உட்கார வைப்பது பெரும் அநியாயம். பூஞ்சை மடிந்த பின்னரும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும். இதனை அறியாதார் மருந்து பலிக்கவில்லை என்று கடைகடையாய் அலைகின்றனர்.

ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் வலியது. 1880-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழில் கண்ட கிருமிகள் திராட்சைக் குலைபோல் தோன்றியதால் இவ்வினத்திற்கு ஸ்டாபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். ஏறக்குறைய மூவரில் ஒருவர் மூக்கினுள் ஆரியஸ் வகை ஒரு துன்பமும் செய்யாது தங்கியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் கொசுக்கடியைச் சொறிந்தால், கீறல் வழியே உட்புகுந்து கொப்புளமாகித் தேன்நிறப் பொருக்காகக் காய்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் வேற்றுக் கிருமியும் இவ்வாறே புண் செய்யும். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: அப்புண் ஆறிச் சில வாரங்களுக்குள் குழந்தையின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாய் இறங்கினாலோ, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கலாம்.

படர்தாமரை தோலின் குடியன்று. பிறர் உடம்பு, துவாலை, உடை, சில வேளை வளர்ப்புப் பிராணி இவற்றினின்று வருவது. இதில் நானே ஏமாந்த கதையையும் கூறிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் என் மனைவியின் இடுப்பில், பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், வட்டமாய் அரிப்புக் கண்டது. மருந்துக்கடையில் கேட்டதைச் சொல்லி ஒரு களிம்பு வாங்கி வந்தேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. நானும் பெருமையடைந்தேன். மூன்றாம் வாரம் வட்டம் முதுகு வரை படர்ந்தது. என் தொடையிலும் கண்டது. குழாயின் மேலிருந்த சிற்றெழுத்தைக் கண்ணாடி அணிந்து படித்தேன். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது! ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் தணிக்கும். உடலின் காவலையும் உடன் தணிக்கும். காவலர் உறங்கினால் கள்வனுக்குக் கொண்டாட்டமன்றோ?

2018-இல் அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. எனினும் அவை கேட்டவுடன் கிடைக்கின்றன. இதற்கிடையே டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர் பெயரிட்ட பூஞ்சை நம் நாட்டில் பரவியுள்ளது. வழக்கமான டெர்பினாபின் மருந்துக்கு அது பெரும்பாலும் மசிவதில்லை. பெயரில் நம் நாடு இடம்பெற்றதில் எனக்குப் பெருமையில்லை.

தோல் மருத்துவர் களிம்பை நிறுத்தி, இருவருக்கும் ஒரே காலத்தில் மாத்திரை தந்தார். துவாலைகளைப் பிரித்தோம், உடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். அரிப்பு நின்ற பின்னும் அவர் சொன்ன நாள்வரை மாத்திரையை நிறுத்தவில்லை. முழுவதும் தெளிய இரண்டு மாதங்கள் ஆயின. அந்தக் களிம்புக் குழாயை இன்று கொண்டு வந்திருக்கிறேன். விழா முடிந்ததும் வாசலில் நிற்பேன். வீட்டில் இதுபோன்ற குழாய் வைத்திருப்போர் வந்து, சிற்றெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.