பிறர் பெயரும் ஓர் அமானிதமே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஹிஜ்ரத்தின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உயிரைப் பறிக்கத் திட்டமிட்ட மக்கத்து மக்களே தங்கள் பொருள்களை அவர்களிடம் ஒப்படைத்து வைத்திருந்தனர். ஊரை விட்டுப் புறப்படும் அந்த நெருக்கடியிலும், அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டே நபியவர்கள் சென்றார்கள். அமானிதத்தின் மதிப்பு அத்தகையது.

வருமான வரிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் எழுதிக் கொடுப்பது அடியேனின் தொழில். என் மேசைக்கு எவரும் பொன்னையோ முத்தையோ கொண்டு வருவதில்லை. பான் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், கடவுச்சொல் ஆகியவற்றைத் தருகிறார்கள். இவை அனைத்தும் சேர்ந்தால் ஒரு மனிதரின் பெயர். அந்தப் பெயர் களவு போனால் என்ன நேரும் என்பதைக் கூறவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு சகோதரர் ஒருநாள் ஒரு கடிதத்துடன் வந்தார். கேள்விப்பட்டிராத ஒரு வியாபார நிறுவனத்தின் உரிமையாளர் என்று அதில் அவர் பெயர் இருந்தது. பல இலட்சம் ரூபாய் வரி கட்டுமாறு கேட்டிருந்தார்கள். கடன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் அட்டைகளின் நகலைக் கொடுத்ததும், கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொன்னதும் மட்டுமே அவர் செய்த தவறு.

இக்களவு நடைபெறும் விதம் எளிது. பிறர் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு பெறுகிறார்கள். சரக்கே இல்லாமல் விற்பனைச் சீட்டுகளை மட்டும் எழுதுகிறார்கள். அச்சீட்டுகளை வாங்குவோர் உள்ளீட்டு வரி வரவு எடுத்து அரசை ஏமாற்றுகிறார்கள். கணக்குக் கேட்கும் நாளில் செய்தவர் மறைந்துவிடுகிறார், பெயருக்குரியவர் அகப்படுகிறார். 2023ஆம் ஆண்டு மே 16 முதல் ஜூலை 15 வரை நாடெங்கும் நடைபெற்ற சிறப்புச் சோதனையில், இல்லாத நிறுவனங்கள் 21,791 கண்டறியப்பட்டன. ஏய்க்கப்பட்டதாக ஐயுற்ற வரி 24,010 கோடி ரூபாய்.

அமெரிக்காவில் திருடன் பிறர் பெயரில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து, திரும்ப வரும் பணத்தைக் கொண்டு போகிறான். நம் நாட்டிலோ அவன் வரிச் சுமையை ஏழையின் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறான். இதில் கொடுமை யாதெனில், நோட்டீஸ்கள் திருடன் பதிந்த மின்னஞ்சலுக்கே செல்கின்றன. உரியவர் அறியும்போது உத்தரவே பிறப்பிக்கப்பட்டிருக்கும். ஜி.எஸ்.டி. உத்தரவின் மீது மேல்முறையீடு செய்ய 3 மாதங்களே அவகாசம்; தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம்.

திருடனை மட்டும் குறை கூறி அமர்ந்துவிட எனக்கு உரிமை இல்லை. கப்பலில் பணிபுரியும் ஒரு சகோதரருடைய வருமான வரிக் கணக்கில், அவர் கடலில் இருப்பாரே என்று கருதி, என் கைப்பேசி எண்ணையும் என் மின்னஞ்சலையுமே பதிந்திருந்தேன். பிறகு எண்ணை மாற்றினேன். அவர் கணக்கில் மாற்ற மறந்தேன். அவருக்கு வந்த நோட்டீஸ் எவர் கண்ணிலும் படாமலே கெடு கடந்தது. அபராதத்தைக் கட்டிய பின்னரும் அவர் என்னை ஒரு சொல் கடிந்து கொள்ளவில்லை. அதுவே என்னை அதிகம் வாட்டியது.

2025ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, பொய்யான கழிவுகளைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்வோரைக் குறித்து வருமான வரித்துறை 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் அடங்கும். கணக்கு எழுதுவோர் சிலர் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, மொத்தமாகக் கணக்குகளைத் தாக்கல் செய்து, பின்னர் அவற்றைக் கைவிட்டதாகவும், அதனால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமல் கிடந்ததாகவும் துறை அறிவித்தது. அவர்கள் மோசடியாகச் செய்ததை நான் சோம்பலாகச் செய்தேன். பெயருக்குரியவருக்கு இரண்டும் ஒன்றே.

துறைமுகம் உள்ள நமது ஊருக்கு ஆளை அறிந்து வேலை செய்வது புதிதன்று. ஏற்றுமதி இறக்குமதி செய்பவரின் ஐ.இ.சி. எண், ஜி.எஸ்.டி. எண், ஆள் அடையாளம், கொடுத்த முகவரியில் அவர் இயங்குகிறாரா என்பது ஆகியவற்றைச் சுங்கத் தரகர் சரிபார்க்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் உரிம விதிகள் கூறுகின்றன. கணக்கு எழுதுவோரும் அதே முறையைக் கைக்கொள்ள வேண்டும். ஆளை நேரில் காணாமல், இடைத்தரகர் கொண்டுவரும் நகல்களை வைத்து எப்பதிவும் செய்யலாகாது. அவரவர் கணக்கில் அவரவர் எண்ணே இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதும், அவற்றை ஒரு நோட்டில் எழுதி மேசைமேல் வைப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் நகல்களைத் திருப்பித் தர வேண்டும், அல்லது கிழித்துவிட வேண்டும்.

ஜமாஅத்தார் அனைவருக்கும் சில வேண்டுகோள்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அதன் பெயரில் உள்ள பதிவுகள் தெரியும், கட்டணம் இல்லை. வருமான வரி இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பாருங்கள். உங்களுடையதல்லாத வரவு இருப்பின் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். ஆதார் நகல் கேட்டால் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியைக் கொடுங்கள். நகலின் குறுக்கே இன்ன காரியத்திற்காக என்று தேதியுடன் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவர் எவராயினும், எதற்கென்று அறியாமல் சொல்லாதீர்கள்.

பெயர் களவு போனதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காவல்துறையிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ உடனே புகார் பதிவு செய்யுங்கள். பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பிறர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். புகாரின் நகலுடன் வரி அதிகாரிக்கு எழுத்து மூலம் மறுப்புக் கொடுத்து, பதிவை ரத்து செய்யக் கோருங்கள். நோட்டீஸுக்குப் பதில் அளிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அந்த உப்பளச் சகோதரருக்காக நாங்கள் பல மாதங்கள் அலைந்தோம். பதிவு ரத்தாயிற்று. ஆனால் இழந்த நாட்கூலியை அவருக்கு எவரும் திருப்பித் தரவில்லை. ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பெயரில் உள்ள பதிவுகளைப் பார்த்துக்கொள்ள, மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர்ந்து உதவ அடியேன் ஆயத்தமாக உள்ளேன். நிர்வாகம் அனுமதி தர வேண்டுகிறேன்.

ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் பழுதின்றிச் சேர்ப்பிக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் வல்ல இறைவன் ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.