முன்சீப்பின் தமிழ்



மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் முதற் புதினத்தைப் பற்றியே பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பேசுவார் பலர் உளர். நான் அவர் அமர்ந்திருந்த நாற்காலியைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த அவர், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். பின்னர் முன்சீப்பாகி, நிறைவாக மாயூரத்தில் பணியாற்றினார். முன்சீப்பின் முன் வருவன பெருவழக்குகள் அல்ல. கடன் சீட்டு, அடமானம், பங்காளிப் பூசல், வரப்புத் தகராறு. ஆயினும், வந்து நிற்கும் குடியானவனுக்கு அந்த அரைக்காணி நிலமே உலகம். அதன் தலைவிதியை முடிவு செய்யும் முன்தீர்ப்புகளோ அவனுக்குத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்தன.

1805 முதல் 1861 வரை வெளியான அத்தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக அவர் வெளியிட்டார். சென்னையில் உயர் நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. வக்கீல், அமீனா, ஜப்தி, தாவா என நீதிமன்றத் தமிழில் பாதி பாரசீகமும் அரபியுமாக இருந்த காலம் அது. சட்டக் கலைச்சொற்களுக்கு இன்றுள்ள அகராதிகள் அன்றில்லை. இலக்கிய வரலாறுகள் இந்நூலை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. வகுப்பறையில் பல ஆண்டுகள் நானும் அவ்வாறே கடந்தவள்தான்.

தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதை அவர் தம் புதினத்தில் எள்ளி நகையாடுகின்றார். அந்த எள்ளல் கற்பனையில் பிறந்ததன்று. நாள்தோறும் இருக்கையிலிருந்து பார்த்தவரின் எரிச்சல் அது.

கவிஞர்கள் அவரை மறந்தாரில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். மன்னரும் வள்ளலும் பெற்றுவந்த சிறப்பை ஒரு முன்சீப் பெற்றார்! 1876–78 பெரும் பஞ்சத்தில் அவர் பசித்தோர்க்கு ஈந்ததைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாக்கினார். கொடையைப் பாட நமக்கு மரபு உண்டு. ஒருவர் தம் அன்றாடக் கடமையைப் பிறர்க்கு விளங்கும்படி செய்ததைப் பாட நமக்கு எந்தத் துறையும் இல்லை. தொல்காப்பியத்திலோ வெண்பாமாலையிலோ எவரேனும் காட்டினால் மகிழ்வேன்.

இனிச் சொல்வதை உரிமையோடு சொல்கின்றேன்; பொறுத்தருள்க. நம் வட்டத்தில் அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் பலர் இருக்கின்றீர்கள். மாலையில் நீங்கள் படிக்கும் கவிதை எனக்கு விளங்குகின்றது. காலையில் நீங்கள் எழுதும் மடல் விளங்குவதில்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்துவிட்டது; மடலும் தமிழில்தான் வருகின்றது. ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்பதைத் தமிழ் என்று என் மாணவியர்க்கு நான் எவ்வாறு சொல்வேன்?

என் தந்தையார் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியத்திற்காக என் தாயார் ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தார். மூன்று மடல்கள் வந்தன. மூன்றும் தமிழ். “நீ தமிழிலே டாக்டர் பட்டம் வாங்கினவளாச்சே, என்ன கேக்கறாங்கன்னு சொல்லு” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. நான்காம் முறை சென்றபோது, அங்கிருந்த இளநிலை உதவியாளர் ஒருவர் அம்மடலை வாங்கி, அதன் பின்புறத்தில் இவ்வாறு எழுதித் தந்தார்: “அம்மா, இறப்புச் சான்றிலும் பணிப்பதிவேட்டிலும் ஐயாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியுள்ளது. இருவரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி வாருங்கள். வேறொன்றும் வேண்டாம்.”

அவ்வளவுதான். அடுத்த மாதமே ஓய்வூதியம் வந்தது. அந்த உதவியாளரின் பெயரைக் கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்து யாம் சென்றபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

தாயார் காலமான பின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். ஓய்வூதிய ஆணை அடியில் கிடந்தது. அந்த மடல், எழுதிய பக்கம் மேலே தெரியுமாறு மடித்து, தாலிக்கொடி வைத்திருந்த சிமிழின்கீழ் இருந்தது.