குதிரைக்குக் குழி பறிப்பவர் யார்?



"குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்" என்பது எல்லாரும் அறிந்த பழமொழி. அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது குதிரை. ஆனால் லாயங்களுக்குள் சென்று பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. குழி பறிப்பவன் மனிதன். அதில் விழுவது குதிரை. அந்தக் குழியும் பெரும்பாலும் கொடுமையால் பறிக்கப்படுவதில்லை. பாசத்தோடு சேர்ந்த அறியாமைதான் அதைப் பறிக்கிறது.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. 1842-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம், 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சித் திடலில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. 1864-இல் தோன்றிய பினாங்குக் கழகமும் 2025-இல் பந்தயத்தை நிறுத்தியது. திடலை மூடிவிடலாம், குதிரையின் வயிற்றை மூட முடியுமா? நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். அதில் பந்தயத்தில் ஓடுவது சில ஆண்டுகளே. மீதிக் காலத்தை அது குதிரையேற்றப் பள்ளியிலோ தனியார் லாயத்திலோதான் கழிக்க வேண்டும். ஓய்வு பெற்ற குதிரையை வாங்குவது எளிது. அதை நாள்தோறும் நலமாக வைத்திருப்பதே கடினம்.

குதிரையின் நலம் அதன் வயிற்றில் தொடங்குகிறது. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள அந்தப் பெரிய உடலுக்குள் இருக்கும் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நாளின் பெரும்பகுதியைச் சிறிது சிறிதாகப் புல் மேய்ந்து கழிப்பதற்கென்றே அமைந்த வயிறு அது. மாடு போல அது அசை போடாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறாக உண்டது எதுவாயினும் வந்த வழியே வெளியேற வாய்ப்பில்லை.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு என்றதும் தமிழர்க்குக் குதிரை நினைவுக்கு வரும். ஆயினும் குதிரையின் முதல் உணவு கொள்ளும் அல்ல, ஓட்ஸும் அல்ல. புல்தான். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த புல்லாகவே நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை தேவைப்படும். தானியம் என்பது கடும் உழைப்புக்கு ஈடுசெய்யும் கூடுதல் தீனி. உழைப்பு நின்றபின்பும் அதே அளவு தானியத்தைக் கொட்டினால் அது நஞ்சாகிவிடும். முற்காலத்தில் ஐரோப்பாவில் வண்டி இழுத்த குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு கொடுத்தார்கள்; தீனியை மட்டும் குறைக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் பூட்டியதும் தசைகள் கட்டையாக இறுகி, சிறுநீர் கறுத்து, குதிரை நகர முடியாமல் நின்றது. அதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வந்துவிட்டது. மிகுதியான தானியம் குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கி, குதிரையை நிரந்தர நொண்டியாக்கவும் கூடும்.

ஆகவே பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்குத் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். அந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்துவிடாமல், 7 முதல் 10 நாள்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும். திடீர் மாற்றம் 'கோலிக்' எனப்படும் வயிற்று வலிக்கு வழிவிடும். குதிரைகளைக் கொல்லும் காரணங்களில் முன்னணியில் நிற்பது அதுதான்.

அடுத்தது தண்ணீர். ஒரு குதிரை சாதாரண நாளில் 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். இவ்வட்டாரத்து வெயிலில் அது இன்னும் கூடும். குதிரை மனிதனைப் போலவே வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் பிராணி. கடுமையாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்வையாக வெளியேறும். அதோடு உப்பும் போய்விடும். தூய தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். நக்குவதற்கு உப்புக்கட்டியும் வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடுகிறது. உடல் கொதிக்கும், தோலோ உலர்ந்து கிடக்கும். ஓடி வந்த குதிரை வியர்க்காமல் மூச்சிரைத்தால் உடனே நிழலில் நிறுத்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்ற வேண்டும். சவாரியை விடியற்காலையில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

மூன்றாவது குளம்பு. "குளம்பு இல்லையேல் குதிரை இல்லை" என்பது குதிரைக்காரர்களின் பழைய வாக்கு. சவாரிக்கு முன்னும் பின்னும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, அடியில் சிக்கிய கல்லையும் சேற்றையும் எடுக்க வேண்டும். ஈரமான லாயத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில் உள்ள முக்கோண வடிவ மென்பகுதி கறுத்து அழுகும். அந்த நாற்றமே முதல் எச்சரிக்கை. 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் செதுக்க வேண்டும். ஆணி குத்திய சிறு காயமும் குதிரைக்கு ஆபத்தானது. இரண ஜன்னிக்கு எளிதில் இரையாகும் பிராணி அது. ஆகவே தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

பூச்சிகளையும் மறந்துவிடக் கூடாது. 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி, நூற்றுக்கணக்கான குதிரைகள் மாண்டன. அதே ஆண்டில் மலேசியாவிலும் அந்நோய் தென்பட்டது. அதைச் சுமந்து திரிவது கொசுவைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி. அந்திப் பொழுதிலிருந்து விடியும்வரை அது மும்முரமாகக் கடிக்கும். அந்நேரத்தில் குதிரையை நெருக்கமான வலையடித்த லாயத்துக்குள் வைப்பது நல்ல காப்பு.

இத்தனைக்கும் மேலானது ஒன்று உண்டு. அதுதான் கவனிக்கும் கண். மலாயாவில் குதிரையைப் பராமரித்தவரைச் 'சைஸ்' என்று அழைத்தார்கள். மோட்டார் வண்டி வந்தபின் அந்தப் பெயர் கார் ஓட்டுநருக்கும் ஒட்டிக்கொண்டது. பொழுது புலருமுன் லாயத்துக்குள் நுழையும் நல்ல சைஸ் முதலில் பார்ப்பது குதிரையை அல்ல, தரையை. இரவு எத்தனை முறை லத்தி போட்டிருக்கிறது? தீனித் தொட்டி காலியா? தண்ணீர் குறைந்திருக்கிறதா? குதிரை முன்காலால் தரையைப் பறிக்கிறதா? திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறதா? படுத்துப் புரள்கிறதா? இவையெல்லாம் வயிற்று வலியின் அடையாளங்கள். உடனே தீனியை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கைமருந்து பார்த்துக் காலத்தைக் கடத்துவது பெருந்தவறு.

குதிரை வளர்ப்போர் மூன்று எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. ஓய்வில் நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். கீழ்த்தாடையின் உட்புறம் விரல் வைத்து எண்ணலாம். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. உடல் வெப்பம் ஏறத்தாழ 37 முதல் 38.5 பாகை. நலமாக இருக்கும் நாளில் எண்ணிப் பழகியவரால்தான் நோயுற்ற நாளில் மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியும்.

பந்தயத்தில் வென்ற குதிரையின் படத்தில் கோப்பையை ஏந்தியவர் நடுவில் நிற்பார். கடிவாளத்தைப் பிடித்தவர் ஓரத்தில் நிற்பார். குதிரையை உயிரோடு அந்தப் படம் வரை கொண்டுவந்தவர் அந்த ஓரத்து மனிதர்தான். திடல்கள் மூடப்படும் இக்காலத்தில் குதிரைகளோடு அந்த மனிதர்களின் அனுபவமும் வெளியேறுகிறது. குதிரைக்கு இடம் கொடுக்கும் குதிரையேற்றப் பள்ளிகளும் தனியாரும் அவர்களுக்கும் இடம் கொடுத்தால், பழமொழியில் வரும் குழி பாதி தூர்ந்துவிடும்.

பிள்ளைக்குக் குதிரை வாங்கித்தர நினைக்கும் பெற்றோர், விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்: நாளைக் காலையும், அதற்கடுத்த காலையும், இருபது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு காலையும் அந்த லாயத்தின் தரையைக் குனிந்து பார்க்கப் போவது யார்? அதற்குப் பதில் இருந்தால் வாங்கலாம்.