நமக்குப் பின் யார்?



அறிவுத்திறன் குறைபாடுடைய பிள்ளையைப் பெற்றோர் வாய்விட்டுக் கேளாத கேள்வி ஒன்றுண்டு: "நமக்குப் பின் இவனுக்கு யார்?" சொந்த ஊரிலாயின் அத்தை, சித்தப்பா எனச் சுற்றம் சூழ்ந்திருக்கும். பிழைப்பு நாடி வந்த நமக்கோ இக்காலனியே சுற்றம்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டப் பாதுகாவலரை நியமிக்குமாறு, 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் மனுச் செய்யலாம். உறவினரல்லாத ஒருவரையும் தம் விருப்பப்படி முன்மொழியலாம். இதனை அறியாதாரே நம்மிடைப் பலர். அறிந்தோரும் பழகாத மொழியில் விண்ணப்பம் எழுதத் தயங்குகின்றனர்.

எழுத வல்லோர் உடன்சென்று எழுதிக் கொடுப்போமாக. ஒரு மாலைப்பொழுது அப்பிள்ளையுடன் நாம் அமர்ந்திருந்தால், அத்தாய் ஒரு திருமணத்திற்காவது சென்று வருவாள். இன்று பழகியவரையன்றோ நாளைப் பாதுகாவலராக நம்ப இயலும்?