வெளுக்கும் விரல்கள்

வெளி மாநிலங்களில் பாறை துளைத்தும் கல் செதுக்கியும் பிழைக்கும் அன்பர்களே! குளிர்ந்த காலையில் உங்கள் விரல்கள் வெளுத்து மரத்துப் போகின்றனவா? குளிரின் குற்றமென்று தள்ளிவிடாதீர்கள்.

1918ஆம் ஆண்டில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அம்மையார், இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக் கல் தச்சர்களைப் பரிசோதித்தார். காற்றழுத்தச் சுத்தியல் கொண்டு செதுக்கியவர்களுக்கு விரல்கள் இவ்வாறே வெளுப்பதைக் கண்டார். யந்திரத்தின் ஓயாத அதிர்வு இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. குளிர் பட்டதும் குழாய்கள் சுருங்கி, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. நாளடைவில் சட்டைப் பொத்தான் மாட்டவும் விரல் வணங்காது. நோய் முற்றினால் முழுக் குணம் அரிது.

ஆகவே, கைகளை வெதுவெதுப்பாக வைத்திருங்கள். இடையிடையே ஓய்வு கொள்ளுங்கள். யந்திரத்தை வீணே இறுக்கிப் பிடியாதீர்கள். பீடி, சிகரெட்டை விலக்குங்கள். அறிகுறி கண்டவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். செய்யும் தொழிலையும் மறவாமல் சொல்லுங்கள். ஊரிலுள்ள குடும்பத்தைக் காக்கும் கைகள் அவை.